கையெழுத்துக்கு மேலே இருப்பது

அன்புள்ள முகிலனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிக்காசோவின் வொலார் தொகுதியைச் சேர்ந்த ஒரே படத்தின் இரண்டு எட்சிங் தாள்கள் விற்பனைக்கு இருப்பதாக எழுதியிருக்கிறாய். ஒன்றின் கீழ் ஓரத்தில் பென்சிலால் பிக்காசோவின் கையெழுத்து இருக்கிறது. ஆனால் அதன் ஓரங்கள் நறுக்கப்பட்டிருக்கின்றன, தாளும் வெயில்பட்டுப் பழுத்திருக்கிறது. மற்றதில் கையெழுத்து இல்லை, தாள் நல்ல நிலையில் இருக்கிறது, விலையும் நன்றாகவே குறைவு. எதை வாங்கட்டும் என்று கேட்கிறாய். சில வருடச் சேமிப்பு முழுவதையும் போட்டு நீ வாங்கப்போகும் முதல் கலைப்பொருள் இது. அதனால் ஒரு வரியில் முடிக்காமல் விரிவாகவே எழுதுகிறேன். முடிவை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கையெழுத்து இல்லாததை வாங்கு. கையெழுத்து என்பது ஒரு சாட்சி. அந்தச் சாட்சி எதைப் பார்த்தது, எப்போது பார்த்தது, எதற்காகப் பார்த்தது என்று விசாரிக்காமல் அதற்கு விலை கொடுக்கக்கூடாது. நீ சுவரில் மாட்டி வாழ்நாளெல்லாம் பார்க்கப்போவது கையெழுத்துக்கு மேலே இருக்கும் படத்தை. அது எப்படி அச்சாகியிருக்கிறது, இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

இதை ஏற்றுக்கொள்ள, ஒரு எட்சிங் எப்படிப் பிறக்கிறது என்பது உனக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். மெருகேற்றிய செப்புத் தகட்டின் மேல் மெழுகு கலந்த மெல்லிய பூச்சைத் தடவுகிறார்கள். கலைஞர் ஊசியால் அந்தப் பூச்சைக் கீறி வரைகிறார். கீறிய இடத்தில் செம்பு வெளியே தெரியும். தகட்டை அமிலத்தில் இட்டால், பூச்சு மூடியிருக்கும் இடம் தப்பிவிடும், கீறல்களை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அமிலத்தில் கிடக்கும் நேரம் கூடக்கூடப் பள்ளம் ஆழமாகும், கோடு கருமை கொள்ளும். பிறகு பூச்சை நீக்கிவிட்டுத் தகடு முழுவதும் மையைத் தேய்த்து, கஞ்சி போட்ட வலைத்துணியாலும் உள்ளங்கையாலும் மேற்பரப்பைத் துடைத்தெடுக்கிறார்கள். மை பள்ளங்களில் மட்டும் தங்குகிறது. ஈரப்படுத்திய தாளை மேலே வைத்து, கம்பளம் போர்த்தி, இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்து ஓட்டும்போது தாள் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வருகிறது. ஆகவே எட்சிங் கோடு தாளின் மேல் மெல்லிய மேடாக நிற்கும். தகட்டின் விளிம்பும் நான்கு பக்கமும் ஒரு தடத்தைப் பதித்துவிட்டுப் போகும். அடுத்த தாளுக்கு மறுபடி மை தேய்த்து, மறுபடி துடைத்து, மறுபடி அழுத்த வேண்டும். பொத்தானைத் தட்டினால் ஆயிரம் பிரதி வந்து விழும் வேலை இல்லை இது. ஒவ்வொரு படியும் ஒருவர் கையால் தனித்தனியாக உருவாவது.

கையால் உருவாவதால் ஒரே தகட்டின் இரண்டு படிகள் ஒன்றுபோல இருப்பதில்லை. தகடும் நாளாக ஆகத் தேய்கிறது. அமிலமே இல்லாமல் ஊசியால் நேராகச் செம்பைக் கீறும் டிரைபாயிண்ட் முறையில் கோட்டின் இரு கரையிலும் உலோகப் பிசிர் எழும்பி நிற்கும். அந்தப் பிசிரில் சிக்கும் மைதான் கோட்டுக்கு வெல்வெட் போன்ற மென்மையைத் தருகிறது. சில பத்துப் படிகள் எடுப்பதற்குள் அழுத்தத்தில் பிசிர் நசுங்கிப் போய்விடும். ரோசின் பொடியைத் தூவி அமிலத்தில் இட்டு நிழல்பரப்பை உண்டாக்கும் அக்வாடின்ட் முறையிலும் நுண்ணிய புள்ளிகள் சீக்கிரமே மழுங்கிவிடும். கோயாவின் 'காப்ரிசோஸ்' இதற்கு நல்ல சான்று. 80 தகடுகள் கொண்ட அந்தத் தொகுதி 1799இல் வெளிவந்தது. அவர் 1828இல் மறைந்த பிறகும் மாட்ரிடில் பாதுகாக்கப்பட்ட அதே தகடுகளிலிருந்து 1937 வரை திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். முதல் பதிப்பில் இரவின் இருட்டு கனத்து நிற்கும். பிந்தைய பதிப்புகளில் அதே இருட்டு வெளிறிய சாம்பலாகிவிட்டது. எல்லாம் கோயாவின் தகடுகளே, எல்லாம் உண்மையான எட்சிங்குகளே. ஆனாலும் எதில் கோயா நினைத்தது தெரிகிறது என்பதில் அறிந்தவர்களுக்குள் சண்டையே கிடையாது. இவற்றில் எதிலும் பென்சில் கையெழுத்து இல்லை என்பதையும் கவனி. கையெழுத்து இல்லாமலேயே தரம் பிரித்தறியப்படுகிறது, தரத்துக்கேற்ற விலையும் கொடுக்கப்படுகிறது.

பிக்காசோவிடமே இதற்கு இன்னும் நெருக்கமான சான்று உண்டு. 1904இல், கையில் காசில்லாத இளைஞராக பாரிசில் இருந்தபோது, வேறொருவர் ஏற்கெனவே நிலக்காட்சி வரைந்திருந்த பழைய துத்தநாகத் தகட்டைச் சுரண்டிவிட்டு 'எளிய உணவு' என்ற படத்தைச் செதுக்கினார். அப்போது அச்சுக்கலைஞர் ஒய்ஜேன் தெலாத்ர் எடுத்துக்கொடுத்த படிகள் மிகச் சில. பிறகு வணிகர் அம்ப்ருவாஸ் வொலார் அந்தத் தகட்டையும் அதே காலத்துத் தகடுகளையும் வாங்கி, அவை தேயாமலிருக்க மின்முறையில் இரும்பு முலாம் பூசி, 1913இல் 250 படிகளுக்கு மேல் அச்சடித்து வெளியிட்டார். முலாம் தகட்டைக் காப்பாற்றியது உண்மைதான். ஆனால் கோட்டின் கூர்மையையும் நிழலின் ஆழத்தையும் சற்றே சமன்படுத்திவிட்டது. இன்று ஏலத்தில் முலாமுக்கு முந்தைய படி ஒன்று வந்தால் அதன் விலை 1913ஆம் ஆண்டுப் படியைவிடப் பல மடங்கு உயர்கிறது. அந்தத் தொடக்கப் படிகள் சிலவற்றில் கையெழுத்தும் இருப்பது விலையைக் கூட்டத்தான் செய்கிறது. ஆனால் ஏலப் பட்டியலை எழுதுகிறவர்கள் முதலில் சொல்வது 'முலாமுக்கு முன்' என்பதைத்தான். சந்தை என்று நீ எதை நினைத்துப் பயப்படுகிறாயோ, அந்தச் சந்தையின் மிக விவரமான பகுதிகூடப் படியின் தரத்தையே முதலில் எடைபோடுகிறது.

அப்படியானால் பென்சில் கையெழுத்து எங்கிருந்து வந்தது? பல நூற்றாண்டுகளாகக் கலைஞர்கள் தகட்டிலேயே பெயரைச் செதுக்கினார்கள். ரெம்பிராண்ட் அப்படித்தான் செய்தார். அவர் 1669இல் இறந்த பிறகு தகடுகள் கைமாறின. 18ஆம் நூற்றாண்டில் பாரிசில் பாசான் என்ற வணிகர் பல தகடுகளை வாங்கி, தேய்ந்த இடங்களைத் திருத்தி, புதிதாக அச்சடித்து விற்றார். அந்தத் தாள்களிலும் ரெம்பிராண்டின் பெயர் தவறாமல் விழுந்தது. தகட்டில் இருக்கும் பெயர் 'வரைந்தவர் இவர்' என்பதை மட்டும் சொல்லும், 'இந்தத் தாளை அவர் பார்த்தார்' என்று சொல்லாது. இந்தக் குறையை நிரப்பத்தான் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒப்பமிடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் விஸ்லர். லண்டனிலுள்ள ஃபைன் ஆர்ட் சொசைட்டி என்ற நிறுவனம் கேட்டுக்கொண்டபடி வெனிஸ் நகரத்தை வரைந்து 1880இல் 12 எட்சிங்குகள் கொண்ட தொகுதியை 100 படிகளுக்கென வெளியிட்டார். அச்சடிக்கும் வேலையையும் தாமே ஏற்றுக்கொண்டார். மையைத் துடைக்கும் விதத்தை மாற்றி மாற்றி, ஒரே தகட்டில் ஒரு தாளில் அந்தியையும் இன்னொரு தாளில் நள்ளிரவையும் கொண்டுவந்தார். பிறகு ஓரத்தை வெட்டி, கீழே ஒரு சிறு நாக்குப் போன்ற துண்டை மட்டும் விட்டு, அதில் தம் வண்ணத்துப்பூச்சி முத்திரையை இட்டார். அந்த முத்திரைக்குப் பொருள் இருந்தது: இதை நானே அச்சடித்தேன், பார்த்தேன், ஒப்புக்கொண்டேன்.

ஆக, கையெழுத்தின் மதிப்பு அதன் பின்னால் நடந்த செயலிலிருந்து வருகிறது. இந்த அளவுகோலை, முன்பு சொன்ன அதே வொலாரின் பெயரைத் தாங்கிய தொகுதிக்கு வைத்துப் பார். பிக்காசோ 1930க்கும் 1937க்கும் இடையில் 100 தகடுகளைச் செய்தார். அவற்றை 1939 வாக்கில் அச்சடித்தவர் ரொஜே லாகூரியேர். சர்க்கரைக் கரைசலால் அக்வாடின்ட் செய்யும் முறையைப் பிக்காசோவுக்குக் காட்டிக்கொடுத்தவரும் அவரே. சிறிய தாளில் சுமார் 260, அகன்ற ஓரமுள்ள பெரிய தாளில் 50, தோல்தாளில் 3 என்று ஒவ்வொரு தகட்டுக்கும் படிகள் எடுத்தார்கள். 1939 ஜூலையில் வொலார் கார் விபத்தில் இறந்துபோனார். உலகப் போரும் வந்தது. தாள்களை ஆன்ரி பெத்தியே என்ற வணிகர் வாங்கினார். அவர் கேட்டுக்கொண்டதால் 1950களிலும் 60களிலும் பிக்காசோ அவற்றில் ஒரு பகுதிக்குக் கையெழுத்திட்டார், மற்றவை கையெழுத்தில்லாமலே விற்றுப்போயின. உன் முன்னால் இருக்கும் இரண்டு தாள்களும் ஒரே பட்டறையில், ஒரே காலத்தில், ஒரே கைகளால் அச்சானவை. ஒன்று பல வருடம் கழித்துப் பிக்காசோவின் மேசைக்குப் போய்வந்தது, மற்றது போகவில்லை. அந்தக் கையெழுத்து உண்மையானது என்றே வைத்துக்கொள்வோம். அச்சைப் பற்றி அது சொல்வது எதுவுமில்லை. வணிகர் கேட்டார், கலைஞர் இட்டார், அவ்வளவுதான். அவர் விரல் பட்ட தாள் என்ற நெகிழ்ச்சி சிலருக்கு உண்டாகும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நெகிழ்ச்சிக்காகப் பழுத்துப்போன படத்தை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வாதத்தின் மறுகோடிக்கு ஓவியர் டாலியைப் பார். அவர் பிற்காலத்தில் படமே அச்சாகாத வெற்றுத் தாள்களில் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். 1974இல் அந்தோராவுக்குப் போய்க்கொண்டிருந்த வாகனம் ஒன்றை பிரெஞ்சு சுங்க அதிகாரிகள் நிறுத்திப் பார்த்தபோது, அவர் கையெழுத்துடன் சுமார் 40,000 வெற்றுத் தாள்கள் இருந்தன. வெற்றுப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு விருப்பப்படி எழுதிக்கொள்வது போன்ற காரியம் இது. அந்தத் தாள்களின் மேல் யார் யாரோ எதை எதையோ அச்சடித்து டாலி என்று விற்க வழி திறந்துவிட்டது. கையெழுத்து அசலாகவும் படைப்பு போலியாகவும் ஒரே தாளில் இருக்க முடியும் என்பதை உலகம் அப்போது கற்றுக்கொண்டது. கோயாவிடம் கையெழுத்து இல்லை, படைப்பு இருக்கிறது. டாலியின் அந்தத் தாள்களில் கையெழுத்து இருக்கிறது, படைப்பு இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தால் நான் சொல்வது உனக்கே விளங்கும்.

"கையெழுத்து இருந்தால் போலியில்லை என்ற உறுதியாவது கிடைக்குமே" என்று நீ கேட்பாய். வொலார் தொகுதியில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. கையெழுத்தில்லாத உண்மைத் தாள்கள் ஏராளமாக உலவுகின்றன. அதில் பென்சிலால் ஒரு பெயரை எழுதிவிட்டால் விலை ஏறிவிடும். எட்சிங்கைப் போலியாகச் செய்யத் தகடும் அமிலமும் பழைய தாளும் தேர்ந்த கையும் வேண்டும். கையெழுத்தைப் போலியாகப் போட ஒரு பென்சில் போதும். ஆகவே தாளில் எளிதில் ஏமாற்றக்கூடிய இடம் எது என்று கேட்டால் அது கையெழுத்துதான். அசலை உறுதிசெய்ய வேறு வழிகள் இருக்கின்றன, அவை வலுவானவை. பிக்காசோவின் அச்சோவியங்களுக்கு ஜியார்ஜ் ப்ளோக்கின் பட்டியலும், பெர்ன்ஹார்ட் கைசர் தொடங்கி பிரிஜித் பேர் நிறைவுசெய்த பட்டியலும் உள்ளன. ஒவ்வொரு தகட்டின் அளவு, நிலை, தாள், படிகளின் எண்ணிக்கை எல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. சிறிய தாளை வெளிச்சத்தில் பிடித்தால் 'பிக்காசோ' அல்லது 'வொலார்' என்ற நீர்க்குறி தெரிய வேண்டும். சிறிய தாள் சுமார் 34க்கு 45 சென்டிமீட்டர், பெரியது சுமார் 39க்கு 50. அதைவிடக் குறைந்திருந்தால் ஓரம் நறுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். தகட்டுத் தடத்தின் அளவைப் பட்டியலோடு ஒப்பிடு. இதுவரை யார் யாரிடம் இருந்தது என்ற கைமாற்ற வரலாற்றைக் கேள். விற்பவரே அச்சிட்டுக் கொடுக்கும் 'நம்பகச் சான்றிதழ்' விற்பவரின் வாய்ச்சொல்லுக்கு மேல் எதையும் சேர்ப்பதில்லை. அதைவிட, அசலில்லை என்று தெரியவந்தால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்ற எழுத்துபூர்வ உறுதி மேலானது.

அடுத்தது 'லிமிடெட் எடிஷன்' என்ற சொல்லின் மயக்கம். 12/50 என்று எழுதியிருந்தால் 50 படிகளில் இது பன்னிரண்டாவது எண் பெற்றது என்று பொருள். முதலில் அச்சான தாள் முதல் எண்ணைப் பெறும் என்று நினைத்து 1/50க்கு அதிக விலை கொடுக்கிறவர்கள் உண்டு. ஈரத் தாள்கள் காய்ந்து, அடுக்கப்பட்டு, அதன் பிறகுதான் வழக்கமாக எண்ணும் கையெழுத்தும் இடப்படுகின்றன. அச்சான வரிசைக்கும் எண்ணுக்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. எண்ணிட்ட படிகளுக்கு வெளியே கலைஞர் படிகளும், விற்பனைக்கு வராத படிகளும், அச்சாளருக்கான ஒப்புதல் படியும் இருக்கும். ஏ.பி., எச்.சி. போன்ற குறிகள் அவற்றுக்கு உரியவை. இவையும் சேர்ந்ததே மொத்தம். அதற்கும் மேலாக, வரம்பு என்பதில் இரண்டு வகை உண்டு. பிசிர் நசுங்கியதால் முப்பதோடு நின்ற பதிப்பு உலோகமே போட்ட வரம்பு. முலாம் பூசிய தகட்டில் நூற்றுக்கணக்கில் எடுக்க முடிந்தும் ஐம்பதோடு நிறுத்திக்கொண்டால் அது மனிதர் போட்ட வரம்பு. அதை நம்பலாம், ஆனால் தகடு கோடு கிழித்து ரத்து செய்யப்பட்டதா, பட்டியலில் அது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும். வொலார் தொகுதியின் தாள்களில் எண்ணே கிடையாது. நூறு தகடுகளுக்கும் சேர்த்துப் பார்த்தால் முப்பதாயிரத்துக்கு மேல் தாள்கள். ஆனாலும் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசியம் 2011இல் ஒரு முழுத் தொகுதி கிடைத்ததைப் பெரிய நிகழ்வாகக் கொண்டாடியது. அருமை என்பது எண்ணிக்கையால் மட்டும் வருவதில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

"நாளைக்கு விற்க வேண்டி வந்தால் கையெழுத்துள்ளது நல்ல விலைக்குப் போகுமே" என்பது உன் கடிதத்தில் இருந்த வலுவான எதிர்வாதம். அதை நான் மறுக்கவில்லை. நிலை ஒன்றாக இருந்தால் கையெழுத்துள்ளது அதிக விலைக்குப் போகும். ஆனால் அந்த அதிகத்தை வாங்கும்போதே நீ கொடுத்துவிடுகிறாய். பின்னால் திரும்பக் கிடைப்பது நீ இன்று போட்டதுதான், அதுவும் ஏல நிறுவனத்தின் கழிவு போக. உன் முன்னால் இருக்கும் இரண்டும் ஒரே நிலையில் இல்லை என்பதையும் மறக்காதே. நறுக்கிய ஓரத்தை ஒட்டவைக்க முடியாது. வெயிலில் பழுத்த தாளைத் தேர்ந்த பாதுகாப்பு நிபுணர் ஓரளவு தெளிய வைக்கலாம், ஆனால் செலவும் ஆபத்தும் உண்டு. நாளை வாங்க வருகிறவர் இந்தக் குறைகளைச் சொல்லித்தான் விலையைக் குறைப்பார். கையெழுத்தின்மேல் சந்தேகம் கிளம்பிவிட்டாலோ நீ கொடுத்த கூடுதல் பணம் முழுவதும் போய்விடும். நல்ல நிலையில் உள்ள கையெழுத்தில்லாத தாளுக்கு இந்த இரண்டு ஆபத்தும் இல்லை. எல்லாவற்றையும்விட, விற்கும் நாளை நினைத்து வாங்குகிறவனுக்குக் கலைப்பொருள் சரியான முதலீடு இல்லை. வேண்டியபோது உடனே காசாக்க முடியாதது இது. மாதாமாதம் வருமானம் தராது. தருவது ஒன்றே ஒன்று, பார்க்கும் இன்பம். அது நிறைவாகக் கிடைக்கும் படியை வாங்குவதே கணக்குப்படியும் சரி.

"அப்படியானால் நல்ல மறுபதிப்பு போதாதா? கையெழுத்துக்கே மதிப்பில்லை என்றால் அசலுக்கு மட்டும் ஏன்?" என்று இன்னொரு கேள்வியும் எழும். நான் கையெழுத்தைக் கீழே வைப்பது அசலை மேலே வைப்பதற்காகத்தான். இன்று ஓவியங்களை ஸ்கேன் செய்து இங்க்ஜெட்டில் அச்சடித்து, கலைஞரிடம் கையெழுத்து வாங்கி, எண்ணிட்டு, லிமிடெட் எடிஷன் என்று விற்கிறார்கள். கையெழுத்தையும் எண்ணையும் மட்டும் பார்த்து வாங்கப் பழகிய கண்ணுக்கு அதுவும் எட்சிங்கும் ஒன்றாகவே தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தால் வேற்றுமை புரிந்துவிடும். ஆஃப்செட்டில் படம் நான்கு நிறப் புள்ளிகளின் ஒழுங்கான வரிசையாக உடையும். இங்க்ஜெட்டில் மைத்துளிகள் தூவினாற்போலத் தெரியும். எட்சிங்கிலோ கோடு அறுபடாமல் ஓடும், மை தாளின்மேல் மேடாக நிற்கும், பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த மேடு மெல்ல நிழல் காட்டும். வொலார் தொகுதியின் சிற்பி அறைக் காட்சிகளில் பிக்காசோ ஒரு பெண்ணின் முதுகை ஒரே கோட்டில் முடித்திருப்பார். நிழலில்லை, திருத்தமில்லை. அந்தக் கோட்டின் கனமும் தாளின் வெண்மையும் சேர்ந்தே அங்கே உடலாகின்றன. தட்டையான மறுபதிப்பில் அந்தக் கோடு எல்லைக்கோடாக மட்டும் எஞ்சும். தாளின் வெண்மையே படத்தில் பாதி என்பதால்தான் பழுத்த தாள் வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

"இதையெல்லாம் பார்த்தறிய நான் நிபுணன் இல்லையே" என்று தயங்காதே. கண் பழகுவதற்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். பிரிட்டிஷ் மியூசியத்தில் முன்பதிவு செய்துகொண்டால் அச்சோவியங்களைக் கண்ணாடிச் சட்டமில்லாமல் அருகில் வைத்துப் பார்க்கத் தனி அறை இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகும் வாய்ப்பு வந்தால் அதைத் தவறவிடாதே. சென்னையிலேயே கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தில் கிராஃபிக் பட்டறை உண்டு. மை துடைப்பதையும் தாள் உருளைக்கடியில் போய் வருவதையும் ஒரு நாள் நின்று பார்த்தால் நூறு பக்கம் படித்ததற்குச் சமம். தேவகோட்டையில் பிறந்த ஆர். எம். பழனியப்பன், ஹைதராபாத்தின் லக்ஷ்மா கௌட், பரோடாவின் ஜோதி பட் ஆகியோரின் அச்சோவியங்களைத் தேடிப் பார். முக்கியமாகக் கிருஷ்ணா ரெட்டியைப் பார். 1940களின் இறுதியில் சென்னை கலாக்ஷேத்திராவில் ஓவியத் துறைக்குத் தலைமையேற்றிருந்தவர். பிறகு பாரிசில் ஹெய்ட்டர் என்ற கலைஞரின் 'அட்டெலியே 17' பட்டறைக்குப் போய், வெவ்வேறு அடர்த்தியுள்ள மைகளை வெவ்வேறு ஆழமுள்ள ஒரே தகட்டில் மென்மையும் கடினமுமான உருளைகளால் ஏற்றி, ஒரே அழுத்தத்தில் பல வண்ணங்களை எடுக்கும் முறையை வளர்த்தவர்களில் ஒருவர். மையின் இளக்கமும் உருளையின் அழுத்தமும் சிறிது மாறினாலும் வண்ணம் மாறிவிடும். அவருடைய ஒரே பதிப்பின் இரண்டு படிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், படியைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்பது ஒரு நிமிடத்தில் புரியும். பிக்காசோவோடு தொடங்குவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்குக்கு நம் நாட்டுக் கலைஞர்களின் சிறந்த படிகள் கிடைக்கும் என்பதையும் யோசித்துப் பார்.

வாங்கிய பிறகு அதைக் காப்பாற்றுவதும் வாங்குவதன் பகுதியே. நம் ஊரின் ஈரக்காற்றில் தாளில் பழுப்புப் புள்ளிகள் விழும், ராமபாணப் பூச்சி அரிக்கும். கடைத்தெரு சட்டக்காரரிடம் அப்படியே கொடுத்துவிடாதே. பசை தடவி அட்டையில் ஒட்டிவிடுவார், லேமினேஷன் செய்யட்டுமா என்று கேட்பார், ஓரம் பெரிதாக இருக்கிறதென்று வெட்டியும்விடுவார். அமிலமற்ற அட்டைதான் வேண்டும் என்றும், தாளை மேல்விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாள்துண்டாலும் கோதுமைமாவுப் பசையாலும் தொங்கவிட வேண்டும் என்றும், கண்ணாடி தாளைத் தொடக்கூடாது என்றும் எழுதிக் கொடு. செல்லோடேப் அதன் பக்கமே வரக்கூடாது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் நல்லது, ஆனால் அதை நம்பி வெயில் விழும் சுவரில் மாட்டாதே. வெளிச்சுவரும் வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் ஊறும். சில மாதம் மாட்டிவிட்டுச் சில மாதம் இருட்டில், தட்டையாக வைத்துவிட்டால் தாள் நீண்டநாள் இருக்கும். உனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் அந்தக் கையெழுத்துள்ள தாளை இப்படி யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இன்று இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

எல்லாம் சொன்ன பிறகு ஒரு விலக்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கலைஞர் அச்சைத் தாமே எடுத்து அல்லது அருகிருந்து சரிபார்த்து, படம் பார்த்த பிறகு ஒப்பமிட்டிருந்தால், அந்தக் கையெழுத்து படைப்பின் தரத்துக்கே சாட்சி சொல்கிறது. விஸ்லரிடமும் கிருஷ்ணா ரெட்டியிடமும் அப்படித்தான். அங்கே கையெழுத்துக்கும் சேர்த்து விலை கொடு, தயங்காதே. ஆனால் அங்கும் முதலில் படத்தைப் பார், தாளைப் பார், பட்டியலைப் பார், கடைசியாகக் கையெழுத்துக்கு வா. இந்த வரிசை மாறாமல் இருந்தால் நீ ஏமாறுவது அரிது. இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது: கையெழுத்தில்லாத தாளைச் சட்டத்திலிருந்து எடுத்து, முன்னும் பின்னும், வெளிச்சத்துக்கு எதிராகவும் படமெடுத்து அனுப்பச் சொல். தகட்டுத் தடத்தின் அளவையும் தாளின் அளவையும் மில்லிமீட்டரில் கேள். ப்ளோக் பட்டியல் எண்ணையும் பிரிஜித் பேர் பட்டியல் எண்ணையும் கேட்டு ஒப்பிடு. திருப்பித் தரும் உறுதியை எழுத்தில் வாங்கு. இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு விற்பவர் மழுப்பினால், எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடு. நூறு தகடுகள், ஒவ்வொன்றிலும் முந்நூறு படி. இன்னொன்று நிச்சயம் வரும். எல்லாம் சரியாக இருந்தால் மறுயோசனை இல்லாமல் வாங்கி, வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டு. உன் தங்கைக்கும் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். வாங்கியதும் எழுது.

அன்புடன்,
அத்தை